கைக்கு இதமான குழாய்

"குதிரை ஏதாவது வந்துட்டுப் போச்சா சார்?" என்று கேட்டேன்.

ரத்தினவேல் சார் சிரிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து பொறுக்கிய கொள்ளு மணிகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓசூரில் போர்டு மாட்டிய ஒரே துப்பறியும் நிபுணர் அவர். அவர் கொள்ளு பொறுக்க, பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளன் முனிராஜ் நான். என் மாமனார் மட்டும் இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், மகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே காவேரிப்பட்டினத்துக்கு பஸ் ஏறியிருப்பார்.

"மிஷின் ரூம்ல கொள்ளு எப்படி வந்துச்சு?" என்றார் சார்.

"எவனாச்சும் கொறிச்சிருப்பான்," என்றார் முதலாளி சென்னகிருஷ்ணன். "கொள்ளை வுடுங்க. எம் மிஷினை எப்புடிக் கெடுத்தான்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லுங்க. சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அவனை ஒப்படைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

'அவன்' என்றது திம்மப்பனை. இந்த மிஷினின் காலை ஷிப்ட் ஆபரேட்டர். முந்தின நாள் கம்ப்ரஸரில் வால்வுத் தகடு உடைந்தபோது, முதலாளி அவனை எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்து கேட்டுக்கு வெளியே தள்ளியிருந்தார்.

எண்பத்தொன்பது மார்கழி. வெளியே ஓசூர்க் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. உள்ளே இந்த மிஷின் மட்டும் தகித்துக்கொண்டிருந்தது.

"இது என்னதான் பண்ணுதுங்க?" என்று இன்ஜினியர் பாஸ்கரனைக் கேட்டேன்.

"வீட்டு ஃப்ரிட்ஜோட பின்பக்கம் சுடும் இல்லியா? அந்தப் பின்பக்கத்துக்காகவே செஞ்ச மிஷின்னு வெச்சுக்குங்க," என்றார் பாஸ்கரன். தூக்கமில்லாத கண்கள், ஆயில் கறை படிந்த சட்டை. "சாயப்பட்டறையில வெதுவெதுன்னு ஒரு தண்ணியைச் சாக்கடையில வுடுறாங்க. அந்தச் சூட்டை ஒரு கேஸ் உறிஞ்சிக்கும். அந்த கேஸைக் கம்ப்ரஸர்ல போட்டு அமுக்கினா, கொதிநீருக்கு மேலயே சூடு கிடைக்கும். விறகு வேணாம், ஃபர்னஸ் ஆயில் வேணாம்."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் விறகு எரிக்குது?"

"சாதாரண கம்ப்ரஸர் அந்தச் சூட்டைத் தாங்காது. ஆயில் தண்ணியாப் போயிடும், வால்வு கருகிடும். நான் வால்வை மாத்தி, ஆயிலை மாத்தி, ஆயிலுக்குத் தனியா ஒரு கூலர் வெச்சு, தவம் மாதிரி உக்காந்து தேத்தினேன். ஐப்பசி வரைக்கும் குதிரையாட்டம் ஓடுச்சு. கார்த்திகை பொறந்துச்சு, சனி பிடிச்சுது. திடீர்னு சூடு எகிறும், தானா நின்னுடும். உள்ளே பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துட்டேன். ஒண்ணும் புரியல."

"திம்மப்பன் ஷிப்ட்ல மட்டுந்தான் நிக்குது," என்றார் முதலாளி. "சாமல்பட்டிக்குக் கல்யாணத்துக்குப் போறேன்னு லீவு போட்டான். அன்னிக்கு ஜம்முனு ஓடுச்சு. நேத்து ராத்திரியே புதுத் தகடு மாட்டியாச்சு. இன்னிக்கு அவன் இல்ல. பாருங்க, எப்புடி ஓடுது! இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. சாரோ மிஷினைச் சுற்றிவந்தார். "முனிராஜ், ஒவ்வொரு குழாயையும் தொட்டுப் பாரு."

தொட்டேன். "அய்யோ!" அடுத்ததையும் தொட்டேன். "அடங்கப்பா! சார், என் கைரேகையை அழிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" கம்ப்ரஸருக்குள் போகும் குழாயில் மட்டும் கை நின்றது. "இது பரவால்ல சார். கைக்கு இதமா இருக்கு. குளிருக்குக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்கலாம்."

அந்தக் குழாயின் ஒரு பகுதியைச் சுற்றியிருந்த, சூடு காக்கும் பஞ்சுறை ஒரு இடத்தில் நேராகக் கீறப்பட்டிருந்தது. கீறலை மூடி, ஒரு துணிக்கிழிசலால் கட்டியிருந்தார்கள். சார் அந்த முடிச்சை அவிழ்த்தார். உள்ளே குழாயோடு சேர்த்துக் கட்டிய ஒரு சின்ன செம்புக் குப்பி தெரிந்தது.

"அது பல்பு," என்றார் பாஸ்கரன். "விளக்கு பல்பு இல்லீங்க. உள்ளே வர்ற கேஸ் எவ்வளவு சூடுன்னு தொட்டுப் பார்த்து, கேஸை அளந்து வுடுற வால்வுக்குச் சொல்ற குப்பி. அதுல என்ன இருக்கு? நல்லாத்தான் இருக்கு."

சார் கீறலை மூடி, தன் கைக்குட்டையால் கட்டினார். அவிழ்த்த துணியை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திம்மப்பன் வீடு ஏரிக்கு அந்தப்புறம் காலனியில். ஸ்கூட்டரை நிறுத்தியதும் கெம்பம்மா வெளியே வந்தாள். திம்மப்பனின் மனைவி. எங்களைப் பார்த்ததும், போலீஸ் என்று நினைத்துக் கைகூப்பினாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

திம்மப்பன் உள்ளே கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். முகத்தைத் திருப்பவே இல்லை.

"எங்க காலனியில கம்பெனி சட்டை போட்ட மொத ஆளு இவருதானுங்க," என்றாள் கெம்பம்மா. "பசங்க எல்லாம் ஆபரேட்டர், ஆபரேட்டருன்னு பின்னாடியே சுத்தும். நேத்துலருந்து ஒருத்தனும் இந்தப் பக்கம் வரல. இனிமே நம்ம ஆளுங்களை எந்தக் கம்பெனிக்காரன் கேட்டுக்குள்ள வுடுவான்னு பெருசுங்க பேசுது. இவரு தண்ணிகூடக் குடிக்கல."

"திம்மப்பா," என்றார் சார். "என்ன நடந்துச்சு?"

"நாந்தான் பண்ணேன் சார்." குரல் சுவரிலிருந்து வந்தது போல இருந்தது. "நாந்தான் கெடுத்தேன். ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆளாளுக்கு வந்து மூஞ்சியப் பாக்க வேணாம்."

நான் சாரைப் பார்த்துக் கண்ணடித்தேன். இதைவிடச் சுளுவாக எந்தக் கேஸும் முடிந்ததில்லை.

"எப்படிக் கெடுத்தே?"

"கேஸ் வால்வைத் திருகிவுட்டேன்."

"பாஸ்கரன் ஈய சீல் வெச்சிருக்காரே, அந்த வால்வா?"

"அதேதான் சார்."

"சீல் உடையாம அப்படியே இருக்கே. நான் பார்த்தேன்."

திம்மப்பன் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான். கெம்பம்மா பொறுக்கமாட்டாமல் கன்னடத்துக்குத் தாவினாள். "ஆ அம்மன ஹெசரு ஹேளிபிடு!" அவன், "சும்மனிரு!" என்று சீறினான். இந்த எல்லைப் பக்கத்தில் பாஷையை மாற்றிவிட்டால் ரகசியம் பத்திரம் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் தெரியும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்தம்மா பேரைச் சொல்லிவிடு என்கிறாள் இவள். வாயை மூடு என்கிறான் அவன்.

வெளியே வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "கேஸ் முடிஞ்சுது சார். 'அந்தம்மா'ன்னா யாரு? முதலாளியம்மாவாத்தான் இருக்கணும். அந்தம்மாவுக்கும் இவனுக்கும் நடுவுல இருக்கிற சூட்டுக்கு முன்னாடி அந்த மிஷின் எல்லாம் ஜுஜுபி!"

சொல்லிச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். பின்னால் கெம்பம்மா நின்றிருந்தாள். கையில் இரண்டு டம்ளர் டீ.

டம்ளர்களை நீட்டினாள். "ஆறிடும். குடிங்க," என்றாள். சார் நின்று நிதானமாகக் குடித்தார். நானும் குடித்தேன். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

திரும்பி வந்து ஃபேக்டரி கேட்டில் இறங்கும்போது சார், "குளிர் வந்ததும் மிஷினுக்கு உடம்பு சரியில்ல. குளிர் வந்தா வீட்டுல எதுக்கெல்லாம் உடம்பு சரியில்லாமப் போகும், யோசி," என்றார்.

"என் மாமனாருக்கு," என்றேன். பழக்கதோஷம்.

மத்தியானச் சாப்பாடு முதலாளி வீட்டில். ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ளேயே பின்பக்கம் வீடு. இலை போடுவதற்கு முன்னால் முதலாளி என் ஊர் எது என்று கேட்டுக்கொண்டு, "பேரிகையில யாரு வூட்டுப் பையன் நீ?" என்று கேட்டார்.

கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அப்பா பேரைச் சொன்னேன், தாத்தா பேரைச் சொன்னேன், எந்தத் தெரு என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டினார். எனக்கு இலை விழுந்தது. கேட்டவரைவிட, கடகடவென்று ஒப்பித்த என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

முதலாளியம்மா லட்சுமியம்மாள் பரிமாறினார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண்மணி. ராகிக் களி, முளைகட்டின கொள்ளுச் சாறு. வாயில் வைத்ததும் என் வெட்கமெல்லாம் கொஞ்ச நேரம் ஓடி ஒளிந்துகொண்டது. ஒவ்வொரு கொள்ளும் நீளமாக வால் விட்டிருந்தது.

"எப்புடி?" என்றார் முதலாளி பெருமையாக. "இந்த வாலு இல்லீன்னா நான் கையே வெக்க மாட்டேன். இந்தக் குளிருல ஊருல எவன் வூட்டுலயும் இப்புடி மொளைக்காது."

"எங்க வீட்டுலயும் கண்ணே தொறக்க மாட்டேங்குது," என்றார் சார். "நீங்க எப்படிம்மா பண்றீங்க?"

லட்சுமியம்மாளின் கையிலிருந்த கரண்டி சாய்ந்து, சாறு இலைக்கு வெளியே கொட்டியது.

"கைராசிங்க," என்றார் முதலாளி. "எல்லாருக்கும் அந்தக் கை வாய்க்காது."

சார் குனிந்து சாப்பிட்டார். அவர் காது சிவந்திருந்தது. விடை கிடைத்துவிட்டால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

சாப்பிட்டு முடித்ததும் திம்மப்பனையும் கெம்பம்மாவையும் மிஷின் ரூமுக்கு வரவழைத்தார் சார். முதலாளி முறைத்தார். நேற்று அவன் அறை வாங்கியதைப் பார்த்த அதே ஆட்கள் வாசலில் கூட்டமாக நின்றார்கள். திம்மப்பன் யாரையும் பார்க்காமல், கம்பளியை இழுத்துக் கன்னத்தை மூடியபடி வந்து மூலையில் நின்றான்.

"முனிராஜ், முதலாளி வீட்டுக்குப் போய், ஊற வெச்ச கொள்ளு இருந்தா ஒரு மூட்டை வாங்கிட்டு வா. ஈரம் சொட்டச் சொட்ட இருக்கணும்."

போய்க் கேட்டேன். லட்சுமியம்மாள் என்னையே சற்று நேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு ஈர மூட்டையை எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. "நானே கொண்டாறேன்," என்று எனக்கு முன்னால் நடந்தார்.

சார் மூட்டையை வாங்கி, கைக்கு இதமான அந்தக் குழாயில் கீறலைப் பிரித்து, செம்புக் குப்பியின் மேலேயே வைத்துக் கட்டினார்.

"எல்லாரும் அந்தச் சூடு காட்டுற மீட்டர் முள்ளைப் பாருங்க."

முள் முதலில் அசையவில்லை. பிறகு மெல்ல ஏறத் தொடங்கியது. பாஸ்கரன் ஒரு அடி முன்னால் வந்தார். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் 'டக்' என்று ஒரு சத்தம். கம்ப்ரஸர் நின்றது. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஐயோ," என்றார் பாஸ்கரன். தலையில் கைவைத்துக்கொண்டு ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். "ஈரத்துணி பட்டதும் குப்பி குளுந்துபோச்சு. கேஸே குளுந்து வருதுன்னு நினைச்சு வால்வை மூடிடுச்சு. கம்ப்ரஸருக்குத் தீனி பத்தல. அரைவயித்துல ஓடினா சூடு எகிறாம என்ன பண்ணும்? சார், நான் உள்ளேயே பார்த்துக்கிட்டு இருந்தேன். வெளியில ஒரு தடவை தடவிக்கூடப் பாக்கலியே. வெக்கமா இருக்கு."

"ஆக, இவன்தானே கட்டினான்?" என்று முதலாளி துள்ளினார். "இவன் வூட்டுக் கொள்ளு மொளைக்க எம் மிஷின் கேக்குதா? இன்னொரு அறை வுட்டாத்தான்..."

"கொஞ்சம் இருங்க." சார் பைக்குள்ளிருந்து அந்தத் துணிக்கிழிசலை எடுத்து விரித்தார். நல்ல நைஸ் துணி. ஓரத்தில் மயில்கண் கரை. "இது திம்மப்பன் வீட்டுத் துணியா?"

எல்லார் பார்வையும் கிழிசலிலிருந்து முதலாளியின் இடுப்பு வேட்டிக்குப் போனது. அதே மயில்கண் கரை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"மிஷின் ரூம்ல மத்தக் குழாய் எல்லாம் கொள்ளை வேகவெச்சுடும். இது ஒண்ணுதான் மொளைக்க வைக்கும். அது தெரிஞ்சவன் திம்மப்பன். ஆனா மூட்டை அவன் வீட்டுலேருந்து வரல."

"நாந்தான் குடுத்தேன்," என்றார் லட்சுமியம்மாள். "கார்த்திகையிலருந்து காலையில காலையில குடுத்தனுப்புவேன். சூடா எங்கியாச்சும் எடம் இருக்கான்னு கேட்டேன். 'என் கை பட்டதை மொதலாளி சாப்புடுவாங்களாம்மா'ன்னு அவன் மொதல்லியே கேட்டான். யாருக்கும் தெரியாது, கட்டுடான்னு சொன்னேன். மிஷின் நிக்கிறது இதனாலன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சுதா திம்மப்பா?" என்றார் சார்.

"நேத்துதான் சார்." அவன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். கன்னத்தில் விரல் பதிந்த இடம் இன்னும் தடித்திருந்தது. "மூட்டையை அவுத்ததும் முள்ளு கீழ எறங்குச்சு. வெளங்கிடுச்சு. ஓடிப்போயி அம்மாகிட்டச் சொல்லலாம்னு கெளம்பறதுக்குள்ள தகடு உடைஞ்சுது, அடி வுழுந்துச்சு. அப்புறம் எப்புடிச் சொல்றது? எங் கையில கட்டினதை வூட்டுக்குள்ள சேத்தாங்கன்னு தெரிஞ்சா அந்தம்மா கதி என்னா? எனக்கு ஸ்டேஷன் பரவால்லன்னு தோணுச்சு."

எனக்குக் கெம்பம்மாவை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

இப்போது முதலாளி பேசியாக வேண்டும். பேசினார். எதைப் பேசக்கூடாதோ அதைப் பேசினார்.

"இவன் கையில கட்டினதையா... எனக்குப் போட்டே? இத்தன நாளா?"

சொல்லிக்கொண்டே தோள்துண்டை எடுத்து உதட்டைத் துடைத்தார். தான் துடைப்பதே அவருக்குத் தெரியவில்லை. சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. அவர்கள் முகங்களைப் பார்த்த பிறகுதான் கையில் துண்டு இருப்பதைக் கண்டார். அது அப்படியே நின்றது. அவர் தலை மெதுவாகக் குனிந்தது.

லட்சுமியம்மாள் நேராக அவர் முன்னால் வந்து நின்றார்.

"எதுக்குங்க தலை குனியறீங்க? அடிச்சதுக்கா? சாப்பிட்டதுக்கா?"

அவர் கையிலிருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கைராசி, கைராசி என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து புகழ்ந்த மனிதர். அந்தக் கை மூலையில் கம்பளியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பன் பேரும் தெரு பேரும் ஒப்பித்து அந்த இலையில் சாப்பிட்ட எனக்காகவும் இருந்தது.

யாரும் சொல்லாமலே திம்மப்பன் மிஷினிடம் போனான். மூட்டையை அவிழ்த்தான். பஞ்சுறையைச் சரியாக மூடிக் கட்டினான். பச்சைப் பொத்தானை அழுத்தினான். கம்ப்ரஸர் உறுமிக் கிளம்பியது. முள் ஏறி, சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழேயே நின்றுகொண்டது. பாஸ்கரன் எழுந்து வந்து அதையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திம்மப்பன் மூட்டையை லட்சுமியம்மாளிடம் கொண்டு வந்தான். அவர் காலடியில் தரையில் வைக்கக் குனிந்தான். பழகிய உடம்பு அப்படித்தான் குனிந்தது.

"கையில குடு," என்றார் அவர்.

அவன் முதலாளியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு கையில் கொடுத்தான்.

முதலாளி தொண்டையைச் செருமினார். கம்ப்ரஸர் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. "நாளையிலருந்து வேலைக்கு வந்துடு," என்று கத்தினார்.

"வர்றேங்க," என்று திம்மப்பனும் கத்தித்தான் சொன்னான். "நேத்து அறையறப்ப எல்லாரும் பாத்தாங்க மொதலாளி. இப்பவும் எல்லாரும் இருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னான். காத்துக்கொண்டு நின்றான். முதலாளியின் உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் அந்தச் சத்தத்துக்குள் சொன்னார்.

திம்மப்பன் கை நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினான். கார்த்திகையிலிருந்து எத்தனையோ தடவை நின்ற மிஷினை அவன் வேண்டுமென்றே நிறுத்தியது அதுதான் முதல்முறை. சத்தம் அடங்கி, சுற்றிக்கொண்டிருந்த சக்கரமும் ஓயும் வரை பொறுத்தான்.

"இப்ப சொல்லுங்க மொதலாளி."

சென்னகிருஷ்ணன் துண்டை உருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"உன்னை அடிச்சது தப்பு திம்மப்பா."

நேற்று அறைந்த சத்தம் கேட்ட தூரத்துக்கு இதுவும் கேட்டது. சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லட்சுமியம்மாள் மூட்டையைப் பிடித்தபடி அதற்காகவும் காத்திருந்தார்.

திம்மப்பன் கம்பளியைக் கன்னத்திலிருந்து இறக்கினான். மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

சார் என் தோளைத் தட்டி, "போலாமா?" என்றார். நான் வரவில்லை என்று தலையாட்டினேன். மிஷின் சத்தம் எட்டாத ஒரு வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். கெம்பம்மா வெளியே வந்தாக வேண்டிய வழி அதுதான்.